வசந்தத்தில் யெல்லோஸ்டோன் ஆற்றில் டிரவுட் பிடிக்க எப்போது போகலாம்?

ஏப்ரல் கடைசியில் சிகாகோவிலிருந்து மொன்டானாவுக்கு வந்து, லிவிங்ஸ்டன் ஊரில் தங்கி, யெல்லோஸ்டோன் ஆற்றில் நான்கு நாள், டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு ஃபிளை தூண்டில் (பூச்சிபோல இறகும் நூலும் கட்டிய முள்) போட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நண்பர் அதுதான் ஆண்டின் மிகச் சிறந்த வாரம் என்கிறார். இன்னொருவர் ஆறு முழுக்கச் சேறாக ஓடும், பணத்தை வீணாக்க வேண்டாம் என்று தடுக்கிறார். யார் சொல்வதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இருவர் சொல்வதும் உண்மை. அந்த வாரத்தில் இந்த ஆறு இரண்டு விதமாகவும் இருக்கும். சில ஆண்டுகளில் திங்கட்கிழமை ஒரு விதமாகவும் வியாழக்கிழமை மறு விதமாகவும் இருக்கும். இந்தக் கரையில் பல வசந்தங்கள் நின்று, வெறுங்கையோடு திரும்பிய நாட்களிலிருந்தே அதிகம் கற்றுக்கொண்டவன் நான். நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நீங்கள் நிற்கும் இடத்து வெயிலையும் பார்க்காதீர்கள், மேலே மலையில் நேற்றிரவு தண்ணீர் உறைந்ததா இல்லையா என்பதைப் பாருங்கள் என்பதே என் பதில். அது ஏன் என்பதை விளக்கினால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதலில் ஆற்றைப் பற்றி. யெல்லோஸ்டோன் வயோமிங் மாநிலத்து மலைகளில் பிறந்து, தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பெரிய ஏரியைக் கடந்து, கார்டினர் ஊரருகே பூங்காவை விட்டு வெளியேறுகிறது. பிறகு யாங்கி ஜிம் என்ற குறுகிய பாறை இடுக்கில் நுரைத்துப் பாய்ந்து, பாரடைஸ் பள்ளத்தாக்கில் அகன்று, லிவிங்ஸ்டனில் கிழக்கே திரும்பி, கடைசியில் வடக்கு டகோடாவில் மிசூரி ஆற்றோடு சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், நீர்த்தேக்கம் கட்டி நிறுத்தப்படாத ஆறுகளில் அமெரிக்காவிலேயே மிக நீளமானது இது என்று சொல்வார்கள். இதன் அழகும் சிக்கலும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கின்றன. அணை உள்ள ஆற்றில் மலைப்பனி உருகி வரும் நீரை அணை வாங்கி வைத்துக்கொண்டு, தெளிந்த நீரைக் கீழே விடும். இங்கே வாங்கி வைக்க ஆளில்லை. கிழக்கே அப்சரோக்கா மலைத்தொடரும் மேற்கே கேலட்டின் மலைத்தொடரும் குளிர்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த பனி, மே, ஜூன் மாதங்களில் அப்படியே இந்த ஒரு வாய்க்குள் இறங்குகிறது. இங்குள்ளவர்கள் அதை ரன்ஆஃப் என்பார்கள்; நான் பனிவெள்ளம் என்று சொல்கிறேன்.

வெயில் அடித்த உடனே பனிவெள்ளம் வந்துவிடுவதில்லை. புதிதாக வருபவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஏப்ரல் தொடக்கத்தில் மலையில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கும் பனியின் உட்புறம் உறைநிலைக்கும் கீழான குளிரில் இருக்கிறது. பகலில் மேற்பரப்பு உருகினாலும், அந்த நீர் கீழே கசிந்து, குளிர்ந்த பனியைத் தொட்டதும் மறுபடி உறைந்துவிடுகிறது. அப்படி உறையும்போது அது வெளியிடும் வெப்பம் உட்பனியைச் சிறிது சிறிதாகச் சூடேற்றுகிறது. இப்படிப் பல நாட்கள் நடந்து, மேலிருந்து அடிவரை பனி முழுவதும் சரியாக 0 டிகிரிக்கு வந்த பிறகே அது பழுத்த பனி ஆகிறது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு நாள் வெயிலும் நேராக ஆற்றுநீராக மாறுகிறது. பழுக்காத பனியின் மேல் அடிக்கும் மூன்று நாள் வெயில் ஆற்றை அரை அடி உயர்த்தலாம். பழுத்த பனியின் மேல் அடிக்கும் அதே மூன்று நாள் வெயில் மீன்பிடிப்பை ஆறு வாரத்துக்கு முடித்து வைத்துவிடும்.

இதில் இரவின் பங்கு பெரியது. இரவில் மலையுச்சியில் உறைந்தால், மறுநாள் முற்பகல் வரை வெயிலின் சக்தி அந்த உறைந்த மேலோட்டை இளக்குவதிலேயே செலவாகிறது. உருகும் நேரம் நாலைந்து மணிக்குச் சுருங்குகிறது. இரவிலும் உறையாவிட்டால் உருகுதல் நிற்பதே இல்லை. லிவிங்ஸ்டனில் பகலில் 21 டிகிரி வெயில் அடித்தும் மேலே இரவில் மைனஸ் 4 என்றால் நான் கவலைப்படாமல் தூண்டிலை எடுத்துக்கொண்டு போவேன். பகலில் 16 டிகிரிதான், ஆனால் மலையில் தொடர்ந்து மூன்று இரவுகள் உறையவில்லை என்றால் நான் வேறு ஆற்றுக்குப் போவேன். மலையிரவின் வெப்பநிலையை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்நோடெல் என்ற பெயரில் அமெரிக்க வேளாண் துறை மேற்கு மாநிலங்களின் மலைகளில் தானியங்கி நிலையங்களை வைத்திருக்கிறது. அவை தம்மேல் படியும் பனியின் எடையை நிறுத்து, அதை உருக்கினால் எத்தனை அங்குல நீர் கிடைக்கும் என்பதையும், அங்குள்ள காற்றின் வெப்பநிலையையும் மணிக்கொரு முறை அனுப்புகின்றன. அப்சரோக்காவில் உள்ள ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் பாருங்கள். பனியின் நீரளவு ஏறிக்கொண்டோ நிலையாகவோ இருக்கும்வரை ஆறு உங்களுடையது. கோடு கீழ்நோக்கித் திரும்பி இறங்கத் தொடங்கினால் நாட்கள் எண்ணப்படுகின்றன.

அடுத்து ஆற்றின் அளவுமானி. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மானிகள் கார்வின் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலும் லிவிங்ஸ்டன் அருகிலும் உள்ளன. அவை வினாடிக்கு எத்தனை கன அடி நீர் போகிறது என்று காட்டும். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கு அந்நியமல்ல. ஏப்ரல் தொடக்கத்தில் லிவிங்ஸ்டனில் ஆயிரத்து ஐந்நூறு கன அடியை ஒட்டி ஓடும் ஆறு, ஜூன் உச்சத்தில் சாதாரண ஆண்டுகளிலேயே பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஆனால் எண்ணைவிட, அந்த எண்களைக் காட்டும் வரைபடக் கோட்டின் வடிவத்தைப் படிப்பது முக்கியம். வசந்தத்தில் கோடு ரம்பப்பல் போல நாளுக்கொரு முறை ஏறி இறங்கும். பிற்பகலில் மலையில் உருகிய நீர் பள்ளத்தாக்குக்கு வந்து சேர இரவாகும், கீழே போகப் போக மறுநாள் காலையும் ஆகும். பற்கள் சிறியவையாக, அடிக்கோடு சமமாக இருந்தால் இரவில் உறைகிறது என்று பொருள். ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிட உயர்ந்த இடத்தில் தொடங்கினால், இரவு தன் வேலையைச் செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

ஏறும் நீருக்கும் இறங்கும் நீருக்கும் உள்ள வேறுபாட்டை நான் மிகுதியாக மதிக்கிறேன். இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் ஆறு, குச்சியும் சருகும் மண்ணும் சுமந்து, குளிர்ந்துகொண்டே வரும். மீன்கள் வாயை மூடிக்கொள்ளும். நான்காயிரத்திலிருந்து மூவாயிரத்துக்கு இறங்கும் ஆறு அதே அளவில் ஓடினாலும் தெளிந்துகொண்டே வருகிறது, அதில் மீன்கள் இரை தேடும். மே மாதத்தின் ஒரு குளிரலை, இரண்டு நாள் பனித்தூவல், அதன்பின் ஆறு இறங்கிப் பச்சை நிறத்துக்குத் திரும்புகிறது என்று கண்டால், வேலைக்கு விடுப்பு எழுதிவிட்டாவது போக வேண்டும் என்பேன். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்க்கும்போது உங்கள் காலணி மங்கலாகவேனும் தெரிந்தால் அந்த நீரில் மீன் பிடிக்கலாம்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆறு முழுவதும் ஒரே நேரத்தில் கலங்குவதில்லை. பூங்காவின் வடகிழக்கிலிருந்து வரும் லமார் ஆறு, எளிதில் கரையும் எரிமலை மண்ணைச் சுமந்து யெல்லோஸ்டோனில் சேர்கிறது; அது பெருகினால் கார்டினரிலிருந்து கீழே எல்லா இடமும் தேநீர் நிறம்தான். பாரடைஸ் பள்ளத்தாக்கில் சேரும் மில் ஓடை போன்றவை ஒரு கரையை மட்டும் சில மைல் தூரம் கலக்கிவிட்டு அடங்கும். எதிர்க்கரை அப்போது தெளிவாகவே இருக்கும். லிவிங்ஸ்டனுக்குக் கிழக்கே சேரும் ஷீல்ட்ஸ் ஆறு தாழ்ந்த மேய்ச்சல் நிலங்களின் பனியை வடிப்பதால் மார்ச்சிலேயே கலங்கிவிடும். எனவே ஏப்ரலில் ஊருக்குக் கிழக்கே போகாமல், 89ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய் கார்ட்டர்ஸ் பாலம், பைன் கிரீக், மல்லார்ட்ஸ் ரெஸ்ட், லாக் லெவன் ஆகிய பொது இறங்குதுறைகளில் இறங்குங்கள்.

மழையை மறந்துவிடக் கூடாது. பழுத்த பனியின்மேல் வெதுவெதுப்பான மழை பெய்வதுதான் இந்த மலைகளில் நிகழக்கூடிய மிகக் கொடிய நிகழ்வு. 2022 ஜூன் நடுவில் அப்படித்தான் ஆயிற்று. குளிர்ந்த வசந்தத்தால் பனி தாமதமாகத் தங்கியிருந்தது. அதன்மேல் பெருமழை பெய்தது. கார்வின் ஸ்பிரிங்ஸ் மானி அதுவரை கண்ட உச்சம் ஏறத்தாழ 32,000 கன அடி. அன்று அது 50,000 கன அடி அளவுக்குப் போயிற்று. கார்டினர் சாலை அடித்துச் செல்லப்பட்டது, கரையோர வீடுகள் ஆற்றில் விழுந்தன, பூங்காவையே மூட வேண்டியதாயிற்று. அதற்கு முன் நான் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கக்கூடிய திட்டுகளும் மடுக்களும் இன்று வேறு இடத்தில் இருக்கின்றன. பழைய வரைபடம் யாராவது கொடுத்தால் அதில் உள்ள சரளைத் திட்டுகளை நம்பி இறங்காதீர்கள்.

இனி பூச்சிகளுக்கு வருகிறேன். உங்கள் முதல் நண்பர் சொன்ன சிறந்த வாரம் இவற்றைச் சார்ந்தது. நம் ஊரில் முதல் மழை விழுந்த மாலையில் ஈசல் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுப் பூச்சிகளும் அப்படியே, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் புறப்படுகின்றன. மாதக்கணக்கில் கல்லுக்கடியில் இளம்பூச்சியாக வாழ்ந்தவை மேலே வந்து, தோலுரித்து, சிறகு விரிக்கின்றன. அந்தச் சில நிமிடங்கள்தான் டிரவுட்டுக்கு விருந்து. ஃபிளை தூண்டில் என்ற கலை முழுவதும் அந்த நிமிடங்களைப் பாவனை செய்வதுதான்.

மார்ச் முழுவதும் மிட்ஜ் என்ற கொசு போன்ற நுண்பூச்சிகள் வரும். ஏப்ரலில் பேட்டிஸ் இனத்து மேஃபிளை வருகிறது. தூண்டில்காரர்கள் அதை ப்ளூ விங்டு ஆலிவ் என்பார்கள். பாய்மரம் போலச் சிறகை நிமிர்த்திக்கொண்டு நீர்மேல் மிதந்து வரும் இந்தச் சிறு பூச்சி, நீர் 6 முதல் 9 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது புறப்படும். மேகம் கவிந்து, தூறலோ பனித்துகளோ விழும் மந்தமான நாட்களை அது விரும்புகிறது. ஈரக்காற்றில் சிறகு உலர நேரம் ஆவதால் அது நீர்ப்பரப்பில் நெடுநேரம் மிதக்கிறது. மீனுக்கு அவசரமில்லாமல் தின்ன முடிகிறது. சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பிற்பகல், ஒன்றரை மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், என் அனுபவத்தில் ஏப்ரலின் உச்சமான நேரம். வெயிலும் காற்றும் உள்ள நாளில் அதே பூச்சி அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும்.

பிறகு காடிஸ் என்ற, அந்துப்பூச்சி போன்ற ஆற்றுப்பூச்சி. மே மாதத்து இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் அன்னையர் தினம். அதை ஒட்டி வருவதால் இதற்கு அன்னையர் தினக் காடிஸ் என்றே பெயர், ஆனால் இந்த ஆற்றில் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடும். இதன் புழு, செடித்துணுக்குகளை வெட்டி ஒட்டி, நான்கு பட்டையான சிறு புகைபோக்கி போன்ற கூடு கட்டி, அதற்குள் வாழும். ஏப்ரலில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அது புறப்பட நீர் சில நாட்கள் தொடர்ந்து 10 முதல் 12 டிகிரியைத் தொட வேண்டும். கீழ்ப்பகுதியில் நீர் முதலில் சூடாவதால் அங்கே தொடங்கி, நாளுக்கு நாள் மேல்நோக்கி நகரும். நல்ல ஆண்டில் கரையோரச் சுழிகளில் பூச்சிகள் பாய் விரித்ததுபோல் படிந்து மிதப்பதையும், அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டு டிரவுட்டின் மூக்குகள் வரிசையாக எழுவதையும் பார்த்திருக்கிறேன். மூச்சுவிடும்போது வாய்க்குள் பூச்சி போகும்.

உங்கள் இரு நண்பர்களின் கருத்து வேறுபாடு இங்கேதான் அவிழ்கிறது. காடிஸைப் புறப்படச் செய்யும் வெப்பமும் பனியைப் பழுக்கச் செய்யும் வெப்பமும் ஒன்றே. ஆறு 12 டிகிரிக்கு வர நான்கைந்து வெதுவெதுப்பான நாட்கள் வேண்டும். அந்த நான்கைந்து நாட்களே பனிவெள்ளத்தையும் அவிழ்த்துவிடக்கூடும். எனவே சில ஆண்டுகளில் காடிஸ் பத்து நாள் நீடிக்கும், சில ஆண்டுகளில் இரண்டே பிற்பகல்தான், சில ஆண்டுகளில் பூச்சி சேற்றுநீரின் மேல் எழுந்து பறக்க, மீன் ஒன்றும் அதைப் பார்ப்பதே இல்லை. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல உறைவும் சேர்ந்து ஒரு வாரம் நீடிக்கும் ஆண்டுகளில் மட்டுமே இரண்டு நண்பர்களில் முதலாமவர் சொன்ன வாரம் வாய்க்கிறது.

வெப்பநிலை மீனையும் ஆள்கிறது. டிரவுட் குளிரிரத்தப் பிராணி. நீரின் சூடே அதன் உடற்சூடு. 4 டிகிரிக்குக் கீழே அது ஆழமான, மெதுவான நீரில் அசையாமல் கிடக்கும். மூக்குக்கு நேரே வரும் இரையை மட்டும் வாங்கும். 7 டிகிரியைத் தாண்டினால் இரை தேடத் தொடங்கும். 10 முதல் 14 வரை நன்றாகத் தின்னும். ஏப்ரலில் காலை ஏழு மணிக்கு 4 டிகிரியில் இருக்கும் ஆறு பிற்பகல் மூன்று மணிக்கு 8 டிகிரிக்கு வரலாம். ஆகவே கோடைக்காலப் பழக்கத்தில் விடியலில் எழுந்து ஓட வேண்டாம். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு இறங்கினால் போதும். ஒரு சிறிய வெப்பமானியைக் கயிற்றில் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த தூண்டில் கோலைவிட அது அதிக மீன் பிடித்துத் தரும்.

நிற்கும் இடத்தைப் பற்றி: மனிதன் நடக்கும் வேகத்தில் நீர் போகும் இடங்களைத் தேடுங்கள். கோடையில் மீன் நிற்கும் வேகமான கல்லோட்டங்கள் இப்போது காலியாக இருக்கும். மடுவின் வால்பகுதி, வளைவின் உட்புறம், வேகநீரும் மெதுநீரும் உரசும் கோடு ஆகியவை வசந்தத்து இடங்கள். நீர் உயர உயர மீன்கள் கரையை நோக்கி ஒதுங்கும். கலங்கல் நாளில் நடு ஆற்றுக்கு வீசுவது வீண், கால் நனையாமல் கரையில் நின்று, புல்லின் நிழல் விழும் இரண்டடி அகல நீரில் வீசுங்கள்.

கருவிகளில் நீளமாக நிற்க வேண்டியதில்லை. ஒன்பது அடி நீளமுள்ள, ஐந்தாம் எண் கோல் (எண் கூடினால் கோல் வலுவானது) போதும். லிவிங்ஸ்டனின் காற்றுக்கு ஆறாம் எண் இன்னும் நல்லது. பூச்சி மேலே வராத நேரத்தில் பேட்ஸ் ரப்பர் லெக்ஸ் போன்ற கனமான ஸ்டோன்ஃபிளை நிம்ஃபை (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போலக் கட்டிய ஃபிளை) கட்டி, அதிலிருந்து ஒன்றரை அடி தங்கூசியில், அதாவது மெல்லிய நைலான் இழையில், 18ஆம் எண் (எண் கூடக் கூட ஃபிளை சிறியது) ஃபெசன்ட் டெயில் நிம்ஃபைத் தொங்கவிட்டு, மேலே ஒரு சிறு தக்கை போட்டு, ஆற்றின் அடியைத் தட்டித் தட்டிப் போகும்படி விடுங்கள். ஆழம் போதாதபோது ஃபிளையை மாற்றாதீர்கள், சிறு ஈயக்குண்டைச் சேருங்கள். குளிர்நீரில் தோற்பவர்களில் பெரும்பாலோர் ஆழத்தில்தான் தோற்கிறார்கள். பேட்டிஸ் புறப்பட்டால் 18 அல்லது 20ஆம் எண் பாரசூட் ஆடம்ஸ், காடிஸ் புறப்பட்டால் 14 அல்லது 16ஆம் எண் எல்க் ஹேர் காடிஸ் என்ற மிதக்கும் ஃபிளையைக் கட்டுங்கள். நீரின் ஒழுக்கோடு அது தானாக மிதந்து போக வேண்டும். தங்கூசி இழுத்து ஃபிளையின் பின்னால் ஒரு கோடு விழுந்தால் மீன் திரும்பிவிடும். காடிஸ் பாயாக மிதக்கும்போது மட்டும் உங்கள் ஒரு ஃபிளை ஆயிரத்தில் ஒன்றாகக் காணாமல் போய்விடும். அப்போது ஒரு அளவு பெரிய ஃபிளையைக் கட்டி, மீன் எழும் இடத்துக்கு ஓரடி மேலே விழும்படி வீசி, லேசாக ஒருமுறை நடுக்குங்கள்.

இதைவிட முக்கியமானதாக நான் கருதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றில் பிரவுன் டிரவுட், ரெயின்போ டிரவுட், இம்மண்ணுக்கே உரிய யெல்லோஸ்டோன் கட்த்ரோட் டிரவுட் ஆகிய மூன்றும் உள்ளன. தாடைக்கடியில் செந்நிறக் கீற்று உள்ளதே கட்த்ரோட். மற்ற இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிலிருந்து இம்மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டவை. பிரவுன் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். ரெயின்போ இடுவது நீங்கள் வரப்போகும் இதே வாரங்களில். கட்த்ரோட் அதற்குச் சற்றுப் பின்னால். பெண்மீன் வாலால் சரளையைத் துடைத்து ஒரு குழி பறித்து, முட்டையிட்டு மூடும். சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கருத்திருக்க, அந்த இடம் மட்டும் முறம் அளவோ பாய் அளவோ வெளிறித் துலக்கிவைத்ததுபோல் தெரியும். முழங்கால் ஆழமே உள்ள அந்த இடத்தில் இரண்டு மூன்று பெரிய மீன்கள் ஓடாமல் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். தயவுசெய்து அந்த மீனை விட்டுவிடுங்கள். அந்தச் சரளைமேல் காலை வைக்காதீர்கள். 10 டிகிரி நீரில் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதமாகும். பொரித்த குஞ்சும் மேலும் சில வாரங்கள் கற்களுக்கிடையிலேயே இருக்கும். ஒரு காலடி நூற்றுக்கணக்கில் நசுக்கிவிடும். மொன்டானா 1970களின் நடுவிலேயே தன் ஆறுகளில் பண்ணை டிரவுட் விடுவதை நிறுத்திவிட்டது. மாடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற மாநில உயிரியலாளர் செய்த ஆய்வுகள், பண்ணை மீன் விடுவது காட்டு மீனைக் குறைக்கிறது என்று காட்டியதே அதற்குக் காரணம். எனவே உங்கள் கையில் வரும் ஒவ்வொரு மீனும் இந்தச் சரளையில் பிறந்தது. ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் பண்ணையில் வளர்ந்த ரெயின்போவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே மீண்டும் நிரப்ப அப்படி ஒரு தொட்டி இல்லை.

தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனை வலையிலேயே நீருக்குள் வைத்து முள்ளைக் கழற்றுங்கள். காலை நேரத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் மீனைப் படத்துக்காக வெளியே தூக்காதீர்கள். அதன் செவுள் நொடிகளில் உறையத் தொடங்கும். உங்களுக்கு மாநிலத்தின் மீன்பிடி உரிமம் வேண்டும். எந்தப் பகுதியில் எந்த மாதம் என்ன தடை என்பது ஆண்டுதோறும் மாறுவதால், உரிமத்தோடு தரும் விதிப்புத்தகத்தை அந்த ஆண்டுக்குரியதாகவே படியுங்கள். கரையில் நடப்பது பற்றி அச்சம் வேண்டாம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலத்திலோ பொது இறங்குதுறையிலோ இறங்கிவிட்டால், வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே யாருடைய நிலத்தின் ஊடாகவும் ஆற்றோடு நடந்து போகலாம். தனியார் வயலைக் கடந்து ஆற்றுக்கு வருவதற்கு மட்டும் அனுமதி வேண்டும்.

நீரில் இறங்கும்போது தொடைக்கு மேல் போகாதீர்கள். 5 டிகிரி நீரில் விழுந்தால் முதல் அதிர்ச்சியிலேயே மூச்சு திணறி நீர் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்திருப்பது அங்கே பெரிதாக உதவாது. நீர்புகாக் கால்சட்டையின் இடுப்புப்பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், ஒரு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்லி கரடிகள் மார்ச், ஏப்ரலில் குகையை விட்டு வெளியே வந்து, பனிக்காலத்தில் மடிந்த விலங்குகளைத் தேடி ஆற்றோரக் காடுகளுக்கு இறங்கும். கரடித் தெளிப்பான் இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம்.

ஆறு கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? லிவிங்ஸ்டனுக்குத் தெற்கே ஆர்ம்ஸ்ட்ராங், டெப்யூ, நெல்சன் ஆகிய ஊற்றோடைகள் உள்ளன. நிலத்தடியிலிருந்து ஊறி வருவதால் அவை பனிவெள்ளத்தில் கலங்குவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் மாறுவதுமில்லை. ஏப்ரல் பேட்டிஸ் அங்கே நம்பகமாக வரும். தனியார் பண்ணைகள் என்பதால் நாளுக்கு இத்தனை கோல் என்று எண்ணி, கட்டணம் வாங்கி அனுமதிக்கிறார்கள்; முன்பே பதிவு செய்ய வேண்டும். நீர் கண்ணாடிபோல் இருக்கும், மீன் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், தங்கூசி முடியளவு மெல்லியதாக இருக்க வேண்டும். யெல்லோஸ்டோனின் ரெயின்போக்கள் முட்டையிட ஏறி வருவதும் இங்கேதான், ஆகவே மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பு. காடிஸைத்தான் பார்க்க வேண்டும் என்றால் போஸ்மன் ஊருக்கு மேற்கே மாடிசன் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போங்கள். மேலே உள்ள என்னிஸ் ஏரி ஆழம் குறைந்தது, வெயிலில் விரைவாகச் சூடாகும். அதனால் அங்கே காடிஸ் முந்திக்கொண்டு வரும், ஏரியும் அதன் அணையும் சேற்றில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தேதிக்கு வருகிறேன். பயணச்சீட்டை இப்போதே எடுத்தாக வேண்டும் என்றால் மே முதல் வாரத்தைவிட ஏப்ரல் 18க்கும் 28க்கும் இடைப்பட்ட நான்கு நாட்களை எடுங்கள். காடிஸ் தவறிப்போகக்கூடும், ஆனால் பேட்டிஸ் பெரும்பாலும் தவறாது, ஆறும் பெரும்பாலும் உங்களோடு இருக்கும். நான்கு நாட்களில் ஒரு நாளை ஊற்றோடைக்கு இப்போதே பதிவு செய்து, அதைக் கடைசி நாளாக வையுங்கள். தேதியைத் தள்ளிவைக்கும் வசதி உங்களுக்கு இருந்தால், ஏப்ரல் 20இலிருந்து ஸ்நோடெல் நிலையத்தின் இரவு வெப்பநிலையையும் கார்வின் ஸ்பிரிங்ஸ் மானியின் வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு நாள் வெயில் முன்னறிவிப்பு இருந்து, மலையில் இரவு மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்று காட்டினால், அன்றிரவே சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மல்லார்ட்ஸ் ரெஸ்ட் துறைக்குக் கீழே உள்ள நீளமான சுழியின் ஓரத்தில் 14ஆம் எண் காடிஸைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.